‘தி மேன்’: ஒரு வழக்குச்சொல் வில்லனான வரலாறு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் ‘தி மேன்’ என்பது ஒரு தனிமனிதரை மட்டும் குறிக்கும் சொல் அன்று. தெருவில் மறித்துச் சோதனையிடும் காவலர், வேலையை விட்டு நீக்கும் முதலாளி, கடன் தர மறுக்கும் வங்கி, இவை எல்லாவற்றுக்கும் பின்னிருக்கும் வெள்ளை அதிகாரம் என அனைத்தையும் அது ஒரே சொல்லுக்குள் அடக்குகிறது. மால்கம் டி. லீ இயக்கத்தில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘அண்டர்கவர் பிரதர்’ என்னும் நகைச்சுவைப் படம் இந்த ஆகுபெயருக்கு உடலும் நாற்காலியும் கொடுத்தது. அதில் வில்லனின் பெயரே ‘தி மேன்’. அவனை எதிர்ப்பது ‘பிரதர்ஹுட்’ என்னும் இரகசிய அமைப்பு. அந்த அமைப்பு சேர்த்துக்கொள்ளும் நாயகன் எடி கிரிஃபின், புசுபுசுவென்ற ஆஃப்ரோ முடியோடும் 1970களின் உடையோடும் உலவுகிறான். ஜான் ரிட்லி இணையத்துக்காக உருவாக்கிய அசைவூட்டத் தொடரிலிருந்து பிறந்த படம் இது.

இந்தப் பகடி எதைப் பகடி செய்கிறது என்பதை அறிய 1971ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு மார்ச் 31 அன்று மெல்வின் வான் பீபிள்ஸின் ‘ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங்’ டெட்ராய்ட் நகரில் திரையிடப்பட்டது. எழுத்து, இயக்கம், தயாரிப்பு, படத்தொகுப்பு, இசை, நடிப்பு எனப் பெரும்பாலான பொறுப்புகளை அவரே ஏற்றிருந்தார். கறுப்பின இளைஞன் ஒருவனை அடித்து நொறுக்கும் காவலர்களைத் தாக்கிவிட்டு ஓடும் நாயகன், கடைசிவரை பிடிபடாமல் மெக்சிகோ எல்லையைக் கடக்கிறான். அதுவரை அமெரிக்கத் திரை இத்தகையவனைச் சாகடித்தே பழகியிருந்தது. கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஹியூயி நியூட்டன் இதைப் புரட்சிப் படம் எனப் போற்றினார்; ‘எபனி’ இதழில் லெரோன் பென்னட் கடுமையாக மறுத்தார். இந்த இரு குரல்களுக்கும் இடையிலான வாதம் இன்றளவும் தீரவில்லை.

அதே ஆண்டில் கார்டன் பார்க்ஸின் ‘ஷாஃப்ட்’ வந்தது. நெருக்கடியில் இருந்த எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு அதன் வெற்றி பெரும் ஆறுதல். அதன் பாடலுக்காக ஐசக் ஹேஸ் ஆஸ்கர் விருது பெற்றார். கறுப்பினப் பார்வையாளர்களிடம் பணம் இருப்பதை ஹாலிவுட் கண்டுகொண்டதும் படங்கள் வரிசைகட்டின. அவற்றுள் பலவற்றின் இயக்கமும் இலாபமும் வெள்ளையர் கையில் இருந்தன. பாம் கிரியரைப் பெரும் நட்சத்திரமாக்கிய ‘காஃபி’, ‘ஃபாக்ஸி பிரவுன்’ ஆகிய இரண்டையும் இயக்கியவர் ஜாக் ஹில் என்னும் வெள்ளையரே.

இந்த அலைக்கு வாய்த்த பெயரும் கவனிக்கத்தக்கது. ‘பிளாக்’, ‘எக்ஸ்பிளாய்டேஷன்’ ஆகிய இரு சொற்களை ஒட்டவைத்து ‘பிளாக்ஸ்பிளாய்டேஷன்’ என்னும் சொல் 1972இல் புழக்கத்துக்கு வந்தது. அதை உருவாக்கியவராக அறியப்படுபவர் ஜூனியஸ் கிரிஃபின், என்.ஏ.ஏ.சி.பி. என்னும் கறுப்பின உரிமை அமைப்பின் ஹாலிவுட் கிளைத் தலைவர். போதை வணிகனையும் பெண் தரகனையும் நாயகர்களாக்கும் படங்களுக்கு எதிரான கண்டனச் சொல் அது. படங்களில் நடித்தவர்களோ, நெடுங்காலம் மூடிக் கிடந்த கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது என்று வாதிட்டனர். எதிர்ப்பாளர் சூட்டிய வசைப்பெயரே பின்னர் ஒரு வகைமையின் கல்விப்புலப் பெயராக நிலைத்துவிட்டது.

உளவுப்படங்களோடு இவ்வகைமை கலந்தது 2002இல் அன்று. 1973லேயே ஜேம்ஸ் பாண்ட் ‘லிவ் அண்ட் லெட் டை’ படத்தில் ஹார்லெமுக்குள் நுழைந்து, இந்த அலையின் தோற்றத்தையும் தெருவையும் கடன்வாங்கினார். முதன்மை வில்லனாகக் கறுப்பினத்தவரையே நிறுத்தினார். அதே ஆண்டு ‘கிளியோபாட்ரா ஜோன்ஸ்’ படத்தில் டமாரா டாப்சன் அரசின் இரகசிய முகவராக வந்தார். இவ்விரண்டையும்விட முக்கியமானது, சாம் கிரீன்லீயின் நாவலைக் கொண்டு ஐவன் டிக்சன் அதே 1973இல் இயக்கிய ‘தி ஸ்பூக் ஹூ சாட் பை த டோர்’. ‘ஸ்பூக்’ என்பதற்கு ஆவி, ஒற்றர், கறுப்பினத்தவரை இழிக்கும் வசை என மூன்று பொருள் உண்டு. தலைப்பில் வரும் கதவுக்கும் பொருள் உண்டு: பெயருக்கு ஒரு கறுப்பினத்தவரை வேலைக்கு எடுத்து, வருவோர் போவோர் கண்ணில் படும்படி வாசலருகே அமர்த்தும் வழக்கத்தை அது சுட்டுகிறது. சி.ஐ.ஏ.வில் அப்படிச் சேர்க்கப்பட்ட நாயகனுக்குக் கிடைப்பது நகலெடுக்கும் பிரிவு. அவன் கற்றதையெல்லாம் கற்றுக்கொண்டு சிகாகோ திரும்பி, அங்குள்ள இளைஞர்களுக்குக் கெரில்லாப் பயிற்சி அளிக்கிறான். படம் விரைவிலேயே திரையரங்குகளிலிருந்து மறைந்தது. 2012இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

‘அண்டர்கவர் பிரதர்’ படத்தின் மிகக் கூர்மையான நகைச்சுவை இந்த வாசலருகே நாற்காலியைத் திருப்பிப் போட்டதில் இருக்கிறது. ‘பிரதர்ஹுட்’ அமைப்பின் ஒரே வெள்ளையர், நீல் பேட்ரிக் ஹாரிஸ் நடித்த பயிற்சி ஊழியர். ஒதுக்கப்பட்டோருக்கு வாய்ப்பளிக்கும் கொள்கையின்படி அவர் சேர்க்கப்பட்டவராம்! 1973இல் கோபமாக இருந்தது 2002இல் சிரிப்பாக மாறியிருக்கிறது. இருக்கை அதேதான், அமர்ந்திருப்பவர் மட்டும் வேறு.

சிரிப்பு மறக்கச் செய்கிறதா, நினைவூட்டுகிறதா என்பதே இங்கு எழும் கேள்வி. டேவ் சப்பெல் ஏற்ற ‘கான்ஸ்பிரசி பிரதர்’ எதிலும் வெள்ளையர் சதியையே காண்பவர். அரங்கம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் வரலாறு அப்படிச் சிரிக்க எளிதில் விடுவதில்லை. 1971 மார்ச் 8 அன்று, முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய அதே இரவில், பென்சில்வேனியாவின் மீடியா என்னும் ஊரிலிருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் சிலர் புகுந்து ஆவணங்களை எடுத்துச் சென்றனர். கருஞ்சிறுத்தைகள் உள்ளிட்ட இயக்கங்களை உளவுபார்த்துச் சிதைக்க நடந்த ‘கோயின்டெல்ப்ரோ’ திட்டம் அதன்வழியே அம்பலமானது. 1932 முதல் 40 ஆண்டுகள் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு மருந்திருந்தும் மருத்துவம் தராமல் அரசுத்துறையே வேடிக்கை பார்த்தது 1972இல் வெளிவந்தது. ‘ஸ்வீட்பேக்’ திரையைத் தொட்டது, மீடியா ஆவணங்கள் வெளிவந்த அதே மாதத்தில்.

ஆகவே ‘கான்ஸ்பிரசி பிரதர்’ உளறுபவராகத் தோன்றினாலும், படத்தின் கதையே அவர் பக்கம் நிற்கிறது. அதிபர் தேர்தலில் நிற்கக்கூடும் எனப் பேசப்படும் கறுப்பினத் தளபதி ஒருவரை ‘தி மேன்’ தரப்பு மனத்தை மயக்கும் மருந்தால் வசப்படுத்துகிறது. அவரோ அரசியலை விட்டுப் பொரித்த கோழிக்கடை திறக்கப் போவதாக அறிவிக்கிறார். சதி என்பது அக்கதையுலகில் மெய்.

1988இல் கீனன் ஐவரி வேயன்ஸ் எடுத்த ‘ஐம் கானா கிட் யூ சக்கா’ முதல் 2009இன் ‘பிளாக் டைனமைட்’ வரை, இவ்வகைமையைக் குறிப்பிடத்தக்க முறையில் பகடி செய்தவர்களுள் பலர் கறுப்பினக் கலைஞர்களே. பிறர் வைத்த பெயரையும் பிறர் ஈட்டிய இலாபத்தையும் தம் சிரிப்பின் வழியே திரும்பப் பெறும் முயற்சியாக இதைக் காணலாம். ஒன்று மட்டும் எஞ்சுகிறது. எங்கும் பரவிய அதிகாரத்தைக் குறித்த ‘தி மேன்’ என்னும் சொல், திரையில் ஒரு மனிதனாகச் சுருங்கும்போது அவனைத் தோற்கடித்துவிட முடிகிறது. திரைக்கு வெளியே அச்சொல் இன்னும் பழைய பொருளிலேயே வழங்குகிறது.