நடைவண்டி சொல்லும் பாடம்

சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர் என்றதும் தமிழறிந்தோர்க்குச் சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் நினைவுக்கு வருவார். அவருடைய பாடல்கள் இடம்பெற்ற குறுந்தொகையிலேயே, 61-ஆம் பாடலில், வேறொரு புலவர் ஒரு காட்சியைக் காட்டுகிறார். தச்சன் செய்த சிறுதேரில் சிறுவர்கள் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் அதைக் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். வாசகர்களே, ‘இழுத்து’ என்பதைச் சற்றே நினைவில் வையுங்கள்.

12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழே இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழமையானது. அந்நூல்வகையின் பருவங்களைப் பாருங்கள்: தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிடும் வருகை, இறுதியாகச் சிறுதேர் உருட்டல். குழந்தையின் வளர்ச்சியை நம் முன்னோர் அதன் அசைவுகளைக் கொண்டே அளந்தனர் எனலாம்.

நம் வீடுகளில் உருண்ட மூன்று சக்கர நடைவண்டியிலும் பௌதிகம் இருக்கிறது. மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதே காரணம். ஆனால் வண்டியை நகர்த்தும் விசை குழந்தையிடமிருந்தே வரவேண்டும். அதன் எடையைத் தாங்குபவையும் அதன் கால்களே.

பின்னர் வந்த வட்டவடிவ வாக்கர் வேறு வகை. அதில் குழந்தை உட்கார்ந்திருக்கும். எடையின் பெரும்பகுதியை இருக்கையே தாங்கிக்கொள்ளும். படிகளில் உருண்டு விழும் விபத்துகளைக் கண்ட கனடா, 2004-இல் அதைத் தடை செய்தது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு நெறிமுறைகள் வகுத்தது. 3, 4 வயதுக் குழந்தைகள் நாள்தோறும் 180 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது ஓட்டமும் குதிப்புமாகச் சற்று வேகமாக இருக்கவேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது. குறைவாயின் இன்னும் நன்று.

என் மூன்று வயது மகளும் கைப்பேசியைக் கண்டால் அசையாமல் அமர்ந்துவிடுவாள். அவளைக் குறை சொல்வானேன்? அமைதியாக இருக்கட்டும் என்று அதைக் கையில் கொடுத்தவன் நான்தான். சென்ற விடுமுறையில் ஒக்கூர் வீட்டு முற்றத்தில், காலித் தீப்பெட்டி ஒன்றில் நூலைக் கட்டிக் கொடுத்தேன். பொழுது சாயும்வரை அதை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும் என்று வகுப்பில் சொல்கிறோம். அது பொருளுக்குப் பொருந்தும். குழந்தையோ தானே இயங்கும். நாம் உட்காரவைக்காதிருந்தால் போதும்.