பாலத்தீனர்களுக்கு ஆதரவான புறக்கணிப்பு இயக்கம்: சாதித்தது என்ன?

2005ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி, 170க்கும் மேற்பட்ட பாலத்தீன சிவில் சமூக அமைப்புகள் உலக மக்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைத்தன. இஸ்ரேலைப் புறக்கணிக்க வேண்டும், அதனுடன் தொடர்புடைய நிறுவனங்களில் இருந்து முதலீடுகளை விலக்கிக்கொள்ள வேண்டும், அந்நாட்டின் மீது அரசுகள் தடை விதிக்க வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள். மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவர் சர்வதேச சட்டத்துக்கு முரணானது என்று சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கி அன்றுடன் ஓராண்டு நிறைவடைந்திருந்தது.

ஆக்கிரமிப்பை முடிவுக்குக் கொண்டுவருதல், இஸ்ரேலில் வாழும் அரபுக் குடிமக்களுக்குச் சம உரிமை, பாலத்தீன அகதிகள் தாயகம் திரும்பும் உரிமை ஆகியவை இயக்கத்தின் மூன்று கோரிக்கைகள். இவற்றில் எதுவும் இதுவரை நிறைவேறவில்லை. ஆயினும் இயக்கம் பயனற்றுப் போனது என்று சொல்லிவிட முடியுமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

பொருளாதாரத்தின் மீதான தாக்கம்

இஸ்ரேலின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2005இல் சுமார் 14,000 கோடி அமெரிக்க டாலராக இருந்தது. 2023இல் அது 50,000 கோடி டாலரைத் தாண்டியது. கடைக்காரரோ வாடிக்கையாளரோ எளிதில் ஒதுக்கிவைக்கக்கூடிய பழங்களும் அழகுசாதனப் பொருட்களும் அந்நாட்டின் ஏற்றுமதியில் சிறு பகுதி மட்டுமே. மென்பொருள், மின்னணுப் பாகங்கள், ஆயுதங்கள் போன்றவற்றை வாங்குவோர் பெரும்பாலும் நிறுவனங்களும் அரசுகளும்தான்.

இதே காலத்தில், கிழக்கு ஜெரூசலம் நீங்கலாக, மேற்குக் கரையின் யூதக் குடியேற்றங்களில் வசிப்போர் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டரை லட்சத்தில் இருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது.

வெளியேறிய நிறுவனங்கள்

குறிப்பிட்ட நிறுவனங்களைக் குறிவைத்த பிரச்சாரங்கள் கூடுதலாக வெற்றி பெற்றன. ஜெரூசலம் இலகு ரயில் திட்டத்தில் பங்கேற்ற பிரெஞ்சு நிறுவனமான வியோலியா, 2015இல் இஸ்ரேலில் தனது தொழில்களை விற்றுவிட்டது. ஜி ஃபோர் எஸ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்பு நிறுவனம், தனது இஸ்ரேலியத் தொழிலை விற்பதாக 2016இல் அறிவித்தது.

ஆனால் ரயில் சேவை நின்றுவிடவில்லை. பாதுகாப்புத் தொழிலை இஸ்ரேலிய முதலீட்டு நிதியம் ஒன்று வாங்கிக்கொண்டது. உரிமையாளர் மாறினார், பணி தொடர்ந்தது.

இழப்பு யாரைச் சென்றடைகிறது என்பது மற்றொரு கேள்வி. சோடாஸ்ட்ரீம் நிறுவனம் 2015இல் மேற்குக் கரையில் இருந்த தொழிற்சாலையை மூடி, இஸ்ரேலின் நெகேவ் பகுதிக்கு மாறியது. இது வணிகரீதியான முடிவு என்றது நிறுவனம். தங்கள் வெற்றி என்றனர் ஆர்வலர்கள். அங்கு பணியாற்றிய சுமார் 500 பாலத்தீனர்கள் வேலை இழந்தனர். பாலத்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸே, குடியேற்றப் பகுதிப் பொருட்களைப் புறக்கணிப்பதை ஆதரித்தாலும் இஸ்ரேல் முழுவதையும் புறக்கணிப்பதைத் தாம் ஆதரிக்கவில்லை என்று 2013இல் தென்னாப்பிரிக்காவில் கூறினார்.

2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பின்னர், மலேசியா, இந்தோனேசியா மற்றும் மத்திய கிழக்கு நாடுகளில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் புறக்கணிக்கப்பட்டன. இஸ்ரேலில் அப்பெயரில் உணவகங்களை நடத்திய உள்ளூர் நிறுவனம் படையினருக்கு இலவச உணவு வழங்கியதே காரணம். வணிகம் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டதை 2024 ஜனவரியில் தலைமை நிர்வாகி ஒப்புக்கொண்டார். அந்த ஏப்ரலில், இஸ்ரேலில் உள்ள 225 உணவகங்களையும் தாமே வாங்கப்போவதாகத் தலைமை நிறுவனம் அறிவித்தது.

எதிர்நடவடிக்கைகள்

புறக்கணிப்புக்கு அழைப்பு விடுப்போர் மீது இழப்பீட்டு வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டத்தை இஸ்ரேல் 2011இல் இயற்றியது. அமெரிக்காவில் 30க்கும் அதிகமான மாநிலங்கள் புறக்கணிப்புக்கு எதிரான நடவடிக்கைகளைக் கொண்டுவந்தன. ஜெர்மனி நாடாளுமன்றம் 2019இல் இவ்வியக்கத்தின் வாதங்களும் வழிமுறைகளும் யூத எதிர்ப்புத் தன்மை கொண்டவை என்று தீர்மானித்தது. இயக்கத்தினர் இதை மறுக்கின்றனர். புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தவர்களைத் தண்டித்ததன் மூலம் பிரான்ஸ் கருத்துரிமையை மீறியது என்று 2020இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடியேற்றங்களில் உள்ள விடுதிகளைப் பட்டியலில் இருந்து நீக்குவதாக 2018இல் அறிவித்த ஏர்பிஎன்பி, வழக்குகளைத் தொடர்ந்து 2019இல் பின்வாங்கியது.

தென்னாப்பிரிக்க முன்னுதாரணம்

இயக்கத்தினர் அடிக்கடி சுட்டிக்காட்டுவது தென்னாப்பிரிக்காவை. அங்கு முதலீட்டு விலக்கல், நிறுவனங்களின் பங்கு விலையில் பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு முடிவு செய்தது. வெளிநாட்டு வங்கிகள் 1985இல் கடன்களைப் புதுப்பிக்க மறுத்ததும், அதிபர் ரீகனின் ரத்து அதிகாரத்தையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் 1986இல் தடைச் சட்டம் நிறைவேற்றியதும் நெருக்கடியைக் கூட்டின. எனினும் 1959இல் பிரிட்டனில் தொடங்கிய புறக்கணிப்பும், பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த போராட்டங்களும்தான் அதற்கான அரசியல் சூழலை உருவாக்கின.

இஸ்ரேல் விஷயத்திலும் அத்தகைய நகர்வின் அறிகுறிகள் உள்ளன. நார்வேயின் கே.எல்.பி. ஓய்வூதிய நிதியம் 2021இல் குடியேற்றங்களுடன் தொடர்புடைய 16 நிறுவனங்களை விலக்கியது. இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது என்றும், அது தொடர நாடுகள் உதவக் கூடாது என்றும் 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது. குடியேற்றங்களில் உற்பத்தியாகும் பொருட்களின் இறக்குமதியை 2025 ஆகஸ்டில் ஸ்லோவீனியா தடை செய்தது.

ஸ்லோவீனியாவுடனான வணிகம் இஸ்ரேலுக்கு மிகச் சிறியது. அந்நாட்டின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி ஐரோப்பிய ஒன்றியம். கடை வாசலில் தொடங்கிய இயக்கம் அந்த ஒன்றியத்தின் கூட்டு முடிவாக மாறுமா என்பதிலேயே அதன் அடுத்த கட்டப் பலன் தங்கியுள்ளது.