ஸ்கூபா டைவிங் முடிச்ச கையோடு கொல்லிமலை ஏறலாமா?

காலையில் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங், ராத்திரி கொல்லிமலையில் தங்கல். இதுதான் பிளானா? கொஞ்சம் பொறுங்க.

ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால், சுவாசிக்கும் நைட்ரஜன் உடலில் கரைகிறது. கரையேறிய பிறகும் அது முழுசாக வெளியேற பல மணி நேரமாகும். அதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி 1,000 மீட்டருக்கு மேல் போனால், காற்றழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடலுக்குள் குமிழ்கள் உருவாகலாம். இதுதான் டிகம்ப்ரஷன் சிக்னஸ்.

மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் பயணக் களைப்புன்னு விட்டுடாதீங்க. 108-ஐ அழைத்து, டைவிங் போனதை முதலில் சொல்லுங்க. உடனே ஆக்சிஜன் தேவை. முழு சிகிச்சை உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில்தான். அது பெருநகரங்களில் சில மருத்துவமனைகளில்தான் உண்டு, மலையிலிருந்து இறங்கவே நேரம் போய்விடும்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் விமானப் பயணத்துக்குச் சொல்லும் இடைவெளி: ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. மலைக்கும் இதே கணக்கை வெச்சுக்கோங்க.