முந்திரித் துளிரின் சிவப்பும் பலா வைரத்தின் மஞ்சளும்: பயிரின் நிறத்தைத் தீர்மானிக்கும் நொதிகள்

பண்ருட்டி வட்டாரச் செம்மண் தோட்டங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் முந்திரி மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்விடும். பலா மரத்தை அறுத்தால் உள்ளே வைரப்பகுதி மஞ்சளாக இருக்கும். இந்த இரண்டு நிறங்களுக்கும் ‘ஃபிளேவனாய்டு’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்களே காரணம். துளிரில் இருக்கும் நிறப்பொருளோடு சர்க்கரை ஒட்டியிருக்கிறது. வைரத்தில் இருப்பவற்றோடு பெரும்பாலும் சர்க்கரை இல்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் தேவையில்லாத மருந்துச் செலவையும் உரச் செலவையும் தவிர்க்கலாம்.

நொதி செய்யும் வேலை

இலை வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை, செடி ‘யுடிபி-குளுக்கோஸ்’ என்ற வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து சர்க்கரையை எடுத்து ஃபிளேவனாய்டின் மேல் பொருத்துவது ‘கிளைக்கோசில் டிரான்ஸ்ஃபரேஸ்’ எனப்படும் நொதிகளின் வேலை. ஆராய்ச்சிக்குப் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் மட்டும் இவ்வகை நொதிகள் 100க்கும் மேல் உள்ளன. எந்தப் பொருளில், எந்த இடத்தில், எந்தச் சர்க்கரையை ஒட்டுவது என்பது நொதிக்கு நொதி மாறும்.

சர்க்கரை ஒட்டியதும் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. நிறப்பொருள் நீரில் நன்றாகக் கரைகிறது. எளிதில் சிதையாமல் நிலைக்கிறது. செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் அதைப் பத்திரமாகச் சேமிக்கவும் முடிகிறது.

இந்த நொதி இல்லாவிட்டால் நிறமே மாறிவிடும். மக்காச்சோளத்தில் ‘பிரான்ஸ்-1’ என்ற மரபணு பழுதானால், ஊதா நிறமாக வேண்டிய மணிகள் வெண்கல நிறமாகிவிடும். அந்த மரபணுதான் சர்க்கரை ஒட்டும் நொதியை உருவாக்குகிறது. திராட்சையிலும் இதே கதைதான். கருப்பு, சிவப்பு ரகங்களின் தோலில் பழுக்கும் பருவத்தில் இந்த நொதி வேலை செய்கிறது. வெள்ளை ரகங்களில் செய்வதில்லை.

கசப்பும் இதே கணக்குதான். பம்பளிமாஸின் கசப்புக்கு ‘நரின்ஜின்’ என்ற பொருள் முக்கியக் காரணம். அதே சர்க்கரைகள் வேறு இணைப்பில் ஒட்டினால் கசப்பற்ற பொருள் கிடைக்கிறது. சாத்துக்குடி, ஆரஞ்சு வகைகளில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கசப்பற்ற வகை.

முந்திரித் துளிர் சிவந்தால் நோயா?

நோய் இல்லை. இளம் இலையில் பச்சையம் முழுமையாக உருவாகும் வரை, கடும் வெயிலிலிருந்து காக்கும் திரை போல ‘ஆந்தோசயனின்’ என்ற சிவப்பு நிறப்பொருள் இருக்கிறது. இலை முற்றியதும் தானாகப் பச்சையாகிவிடும். இதற்கு மருந்தோ நுண்ணூட்டமோ தேவையில்லை.

கவனிக்க வேண்டியது தேயிலைக் கொசுவின் தாக்குதலை. துளிரிலும் பூங்கொத்துக் காம்பிலும் கருத்த புள்ளிகள், பிசின் வடிதல், நுனி கருகிக் காய்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தெரிந்தால் தாமதிக்காமல் பயிர் பாதுகாப்பில் இறங்க வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்துத் தெளிப்பது காசுக்கும் கேடு, மகரந்தச் சேர்க்கைக்கு வரும் தேனீக்களுக்கும் கேடு.

முந்திரிப் பழம்

சிவப்பு முந்திரிப் பழத்தின் தோல் நிறமும் சர்க்கரை ஒட்டிய ஆந்தோசயனின்தான். பழத்தில் குவர்செட்டின், மிரிசெட்டின் ஆகிய ஃபிளேவனாய்டுகளும் பல சர்க்கரைகளோடு இணைந்தே காணப்படுகின்றன. அவை நீரில் கரைவதால் பழச்சாறில் இறங்கிவிடும். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்புக்கு முக்கியக் காரணம் டானின். ஜவ்வரிசியைப் பொடித்துக் காய்ச்சிய கஞ்சியைச் சாறில் கலந்து வைத்தால் டானின் அடியில் படியும். லிட்டருக்குச் சுமார் 5 கிராம் ஜவ்வரிசி போதும். தெளிந்த சாறை வடித்து எடுத்துக்கொள்ளலாம். கொட்டையைத் திருகிவிட்டுத் தோட்டத்திலேயே அழுகவிடும் பழத்தை இப்படி விலையாக்க வழி உண்டு. பழுத்த பழம் ஒரே நாளில் கெடத் தொடங்குவதால், பொறுக்கிய அன்றே பிழிய வேண்டும்.

பலா வைரம்

பலாக் கட்டையின் வைரத்தில் மோரின், ஆர்டோகார்பின் போன்ற ஃபிளேவனாய்டுகள் சேர்கின்றன. சர்க்கரை ஒட்டாததால் இவை நீரில் எளிதில் கரைவதில்லை. சிராய்களைக் கொதிக்க வைத்தால்தான் மஞ்சள் சாயம் இறங்கும். புத்த பிக்குகளின் துவராடைக்குச் சாயமேற்ற இதைப் பயன்படுத்தினர். பலாக் கட்டை பூஞ்சைக்கும் கரையானுக்கும் தாக்குப்பிடிப்பதில் இப்பொருட்களுக்குப் பங்கு உண்டு. மிருதங்கத்துக்குப் பண்ருட்டிப் பலாக் கட்டையைத் தேடி வருகிறார்கள். ஓரத்து வெளிர் கட்டைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் நம் பகுதியின் பலாவும் முந்திரியும் பெருமளவில் சாய்ந்தன. அப்படி மரம் விழ நேர்ந்தால், கட்டையை மண்ணில் கிடக்கவிடாமல் உயர்த்தி அடுக்க வேண்டும். வெளிர் பகுதியை நீக்கி வைரத்தைத் தனியே பிரித்து விற்பது நல்லது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• இளம் மக்காச்சோளத்தின் இலை ஊதாவாக மாறினால் மணிச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம். வளர்ச்சி தடைபடும்போது இலையில் சர்க்கரை தேங்கி ஆந்தோசயனின் கூடுகிறது. குளிரும் நீர் தேங்குவதும்கூட இதே நிறத்தைத் தரும். சில ரகங்களுக்கு இது இயல்பு. ஆகவே மண் பரிசோதனை செய்த பிறகே உரமிடவும்.

• வண்ணத் தோல் பழங்களுக்கு வெளிச்சம் தேவை. நெருங்கிய கிளைகளைக் கவாத்து செய்யவும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பழத்தின் நிறம் மங்கும்.

• வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலில் சர்க்கரை நீங்கிய குவர்செட்டின் இருக்கிறது. வண்ணத் தோலில் உள்ள இதுபோன்ற பொருட்கள் பூஞ்சையைத் தடுப்பதால், நன்கு உலர்த்தி, தோலை உரிக்காமல் சேமிக்கவும்.

• நிறம் கூட்டும் என்று சொல்லி ‘என்சைம்’ புட்டிகளை யாராவது விற்றால் யோசித்து வாங்கவும். சர்க்கரை ஒட்டும் நொதி ஒரு புரதம். செடி அதைத் தன் செல்லுக்குள்ளேயே தயாரிக்கிறது. இலைமேல் தெளித்து உள்ளே அனுப்ப முடியாது. நிறத்துக்கு அடிப்படை ரகம், வெளிச்சம், சமச்சீர் உரம் ஆகியவையே.

முந்திரி ஒட்டுக்கன்றுகள் குறித்து விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும், பலா ரகங்கள் குறித்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். சந்தேகமான இலையைப் பறித்துக் கையோடு எடுத்துச் சென்று காட்டினால் சரியான ஆலோசனை கிடைக்கும்.