ஏதென்ஸ் நகரத்துச் சந்தையிலே!

வெள்ளிதோறும் கூடுகிறது குந்தாரப்பள்ளிச் சந்தை. ஆட்டின் பல்லைப் பார்க்கிறான், விலாவைத் தடவுகிறான், தூக்கி எடை பார்க்கிறான் உழவன்; ஐயம் தீர்ந்த பிறகே மடியை அவிழ்க்கிறான். ஆட்டுக்கு உண்டு இந்தச் சோதனை! அறமென்றும் ஆண்டவனென்றும் ஆள்வோர் ஆணையென்றும் நம்மிடம் விற்கப்படும் சரக்குகளுக்கு உண்டா?

ஏதென்ஸ் நகரத்துச் சந்தையிலே நின்று அந்தச் சோதனையைச் செய்தவர் சாக்ரடீஸ். கல்தச்சன் மகன், தாய் மருத்துவச்சி. காலிலே செருப்பில்லை, கையிலே ஏடில்லை. படைத்தலைவனிடம் வீரமென்றால் என்னவென்பார். பக்திமானிடம் பக்தியென்றால் என்னவென்பார். பதில் வரும்; பதிலிலிருந்தே மறுகேள்வி பிறக்கும்; பெரியவர்கள் விழிப்பர், இளைஞர்கள் சிரிப்பர். அந்தச் சிரிப்பைப் பொறுக்குமா ஊர்? நகரத் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞரைக் கெடுத்தான் என்று கி.மு. 399-ல் வழக்கு. நடுவர் ஏறத்தாழ 500 பேர். முப்பது வாக்கு மாறியிருந்தால் விடுதலை என்கிறார் பிளேட்டோ. மாறவில்லை, எழுபது வயதுக் கிழவருக்கு நஞ்சுக் கோப்பை!

1956-ல் வெளிவந்த 'ராஜா ராணி' படத்தில், கலைஞர் கருணாநிதி தீட்டிய நாடகத்தில், சிவாஜி கணேசன் அந்தக் கிழவராகவே நின்றார். ஏட்டிலே இருந்த ஏதென்ஸ் பாமரனின் கொட்டகைக்கே வந்தது. 1942-ல் பர்மாவிலிருந்து கால்நடையாய்த் திரும்பிய வெ. சாமிநாத சர்மாவோ, பிளேட்டோவின் அரசியல் நூலைத் தமிழாக்கி, 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' என்றும் எழுதித் தந்தார். படத்தை அறிந்த நம் தோழர்களில் இந்த ஏடுகளைப் புரட்டியவர் எத்தனை பேர்?

புரட்டினால் ஒரு சங்கடம் உண்டு, தோழர்களே! நாம் விரும்பும் நாத்திகர் அங்கே இல்லை. கடவுளை மறுத்தவன் என்ற குற்றச்சாட்டை அவரே மறுக்கிறார். சாகும்போது, மருத்துவத் தெய்வத்துக்குச் சேவல் ஒன்று கடன் இருக்கிறது, செலுத்திவிடு என்கிறார் நண்பனிடம். நம் ஊர் நேர்த்திக்கடன் போலவே! இதை மறைத்துவிட்டு அவரை மேடையேற்றினால் நாமும் புராணிகர்களே. அவர் கேட்ட கேள்விதான் நமக்குச் சொத்து. சேவல் அவர் காலத்தது.

ஏதென்சின் குடியாட்சியையும் அப்படியே உரைத்துப் பார்க்க வேண்டும். தீர்ப்பளித்த அந்த நடுவரில் பெண் ஒருத்தியும் இல்லை, அடிமை ஒருவனும் இல்லை. லாரியன் சுரங்கத்தில் அடிமைகள் வெட்டிய வெள்ளியால் கட்டிய கப்பல்களே கி.மு. 480-ல் சலாமிஸ் கடலில் பாரசீகரை முறியடித்தன. கப்பலிலே துடுப்பு வலித்த ஏழைக் குடிமகனுக்குச் சபையில் வாக்கு இருந்தது. சுரங்கத்திலே குனிந்து கிடந்தவனுக்கு இல்லை.