பாக்டீரிய நெகிழி

சில பாக்டீரியாக்கள் தம் செல்லுக்குள் சேர்த்துவைக்கும் பலபடிப் பொருளே பாக்டீரிய நெகிழி. வேதியியலில் இதற்குப் பாலிஹைட்ராக்சிஅல்கனோயேட் என்று பெயர். மண்ணிலும் கடல்நீரிலும் மக்கும். சர்க்கரை போன்ற கரிச்சத்து மிகுந்தும் நைட்ரஜனோ பாஸ்பரஸோ குறைந்தும் இருக்கும்போது, பாக்டீரியா பெருகாமல் மிஞ்சிய உணவை மணிமணியாகச் சேமிக்கிறது; குதிரில் நெல் கொட்டி வைப்பதைப் போன்றதுதான். உணவு அற்றுப்போனால் அதையே கரைத்து உண்ணும். செல்லின் உலர் எடையில் 80 விழுக்காடு வரை இம்மணிகளே நிறைவதுண்டு. சூடான் கருப்புச் சாயமிட்டால் நுண்ணோக்கியில் தெரியும்.

இதைக் கண்டறிந்தவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மோரிஸ் லெமுவான். 1926இல் பேசில்லஸ் மெகாதீரியம் என்னும் மண் பாக்டீரியாவில் அவர் கண்டது பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், சுருக்கமாக பி.எச்.பி. பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்ததால் அரிய அக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதில் இறங்கி, பயோபால் என்ற பெயரில் விற்றது. 1990இல் ஜெர்மனியில் ஷாம்பு புட்டிகள் இதில் வந்தன. 1996இல் பயோபாலை வாங்கிய மான்சான்டோ நிறுவனமும் விலை கட்டுப்படியாகாமல் சில ஆண்டுகளில் கைவிட்டது.

பலபடித் தொடரின் அலகு ஒன்றிலுள்ள கரி அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு பாக்டீரிய நெகிழிகளை வகுப்பர். 3 முதல் 5 வரை இருப்பது குறுந்தொடர். 6 முதல் 14 வரை நடுத்தொடர். குறுந்தொடர் வகையான பி.எச்.பி. ஏறத்தாழ 175 டிகிரி செல்சியசில் உருகும். விறைப்பானது, எளிதில் நொறுங்கும். வாலரேட் அலகு கலந்தால் வளைந்து கொடுக்கும். சூடோமோனாஸ் இனங்கள் தரும் நடுத்தொடர் வகை ரப்பர்த் தன்மையுடையது.

மதுரைக்குத் தென்மேற்கே, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தார் பால் பண்ணைக் கழிவையும் கடல்நீரையும் ஊட்டமாகக் கொண்டு பி.எச்.பி. தயாரித்தனர், ஆய்வு 2010இல் வெளியானது. அவர்கள் வளர்த்ததும் லெமுவான் கண்ட மெகாதீரியம் இனமே. ஊட்டச் செலவே இத்தொழிலின் பெருஞ்சுமை என்பதால் இவ்வழி சரியானது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உண்டு. அவற்றுக்கு மாற்றாக, மக்கும் பை என்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் மாவுப்பொருள் கலந்த வேறு நெகிழிகளே.