"நான் வா"

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறியோசையோடு தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். நெசவுத் தொழிலின்பொருட்டுத் தலைமுறைகளுக்கு முன் காஞ்சியில் குடியேறியோர், கடைவீதியில் தமிழ் பேசினாலும் அடுப்பங்கரையில் தாய்மொழியைக் காத்துக்கொண்டனர். அவர்கள் குலமாக, தெருவாக வந்தவர்கள். வீட்டுவேலைக்கு வருபவளோ தனியே வருகிறாள்.

ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கு ஒரு வீட்டில் பணிபுரியும் பெண் ஒருத்தி ஞாயிறு திருப்பலிக்கு வருவாள். அவளது மொழி சாத்ரி. "அடுத்த வாரம் வருவாயா?" என்றேன். "நான் வா" என்றாள். அருகில் நின்ற சிறுவர்கள் சிரித்துவிட்டனர். வா, போ, எடு, துடை என்னும் ஏவல்களையன்றி அவள் செவியில் விழுந்த தமிழ் வேறில்லை என்பதை நானும் வீடு திரும்பிய பின்னரே உணர்ந்தேன்.

நம் முன்னோரும் இவ்வாறு நகைக்கப்பட்டவர்களே. கும்பினியாரின் வணிகத்துக்குத் துபாஷிகள் இருந்தனர். அவர்களது சமையலறைக்கு எவருமில்லை. எனவே சென்னைப் பணியாளர்கள் காதில் விழுந்த ஆங்கிலத்தைக் கொண்டு தாமே ஒரு பேச்சைச் சமைத்தனர். அதுவே 'பட்லர் இங்கிலீஷ்'. 'இங்' என்று முடியும் வினை அதில் எதிர்காலத்தையும் காட்டும். 'டன்' என்பது இறந்தகாலத்தைக் குறிக்கும். துரைமார் கேலி செய்த அப்பேச்சில் ஓர் ஒழுங்கு இருந்தது. கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஊகோ ஷூகார்ட் 1891-இல் அதனை ஆய்வுப்பொருளாகவே கொண்டார்.

ஆயினும் அது சூப்புக்கும் வெந்நீருக்கும் போதுமானதாயிருந்த பேச்சு. நியாயம் கேட்க எம்மட்டும் உதவியிருக்கும்? ஆங்கிலக் குடும்பங்களோடு கப்பலேறிய ஆயாக்கள் சிலர், கரை சேர்ந்ததும் இலண்டனில் கைவிடப்பட்டனர். அத்தகையோர் தங்கிய ஆயாக்கள் இல்லம், 1900 முதல் ஹாக்னியில் இயங்கியது. அக்கட்டடத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது 2022-இல்தான்.

பணி நிபந்தனைகளை வீட்டுப் பணியாளருக்குப் புரியும் வகையில் தெரிவிக்க வேண்டுமென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் விதித்தது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

அப்பெண்ணுக்குத் தமிழ் கற்பிக்குமாறு மரியாயின் சேனைப் பெண்களை வேண்டினேன். அவர்கள் 'வணக்கம்', 'நன்றி' என்று தொடங்கினர். நல்ல சொற்கள்தாம். அவளோ முழங்கையில் எண்ணெய் தெறித்த புண்ணைக் காட்டி, இதற்கு என்ன சொல்வது என்று சைகையால் கேட்டாள். "வலிக்கிறது" என்று சொல்லிக்கொடுத்தனர். அடுத்து, இந்தி அறிந்த அருட்சகோதரி ஒருவர் வழியாக அவள் கேட்டது, "எப்போது சம்பளம்?" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று.